மறு: ஹீமோலைசிஸ்: குருதிப்பகுப்பா, சிவப்பணுச் சிதைவா?

குழுவினருக்கு வணக்கம். இரத்தச் சிவப்பணு உடைவதைக் குறிக்கும் ஹீமோலைசிஸை ஆய்வக அறிக்கையில் தமிழில் எப்படி எழுதுவது என்ற இழைக்கு என் பதில் இது.

> ஹைட்ராலிசிஸ் நீராற்பகுப்பு, எலக்ட்ராலிசிஸ் மின்னாற்பகுப்பு. அதே வழியில் ஹீமோலைசிஸைக் குருதிப்பகுப்பு என்று வைத்தால் வரிசை கெடாது.

வரிசை கெடாது ஐயா, பொருள் கெட்டுவிடும். நீராற்பகுப்பில் நீர்தான் பகுக்கிறது. இங்கே குருதி எதையும் பகுக்கவில்லை, அதிலுள்ள சிவப்பணு உடைகிறது. போதாததற்கு ‘பகுப்பாய்வு’ எல்லார் காதிலும் ஊறிக் கிடக்கிறது. அறிக்கையில் ‘குருதிப்பகுப்பு உள்ளது’ என்று அச்சிட்டால் ஏதோ பரிசோதனை நடந்திருக்கிறது என்றுதான் படிப்பார்கள். சிறுநீரக நோயாளி வீட்டில் டயாலிசிஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘சிவப்பணுச் சிதைவு’ எனக்குச் சம்மதம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். இரத்தக் குழாயை எந்திரத்தில் சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் சீரம், அதாவது அணுக்கள் பிரிந்தபின் எஞ்சும் தெளிநீர், வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஜா நிறமாகவோ சிவந்தோ நின்றால் ‘சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு, திரும்ப எடுத்து அனுப்புங்க சிஸ்டர்’ என்று வார்டுக்கு போன் போகும். பெரும்பாலும் அது எடுத்த விதத்தில் வந்த கோளாறு. மெல்லிய ஊசி போட்டிருப்பார்கள், சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்திருப்பார்கள், ஸ்பிரிட் காயுமுன் குத்தியிருப்பார்கள், ஊசி வழியாகவே குழாய்க்குள் பீய்ச்சியிருப்பார்கள். மெல்லக் கவிழ்த்துக் கலக்க வேண்டிய குழாயைச் சிலர் டானிக் பாட்டில் மாதிரி குலுக்குவார்கள். கையில் கட்டிய டூர்னிகேவை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைப்பதும் உண்டு. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் சீரத்தில் இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல். அணு உடைந்தால் 4 என்று வர வேண்டிய அளவு 6 என்று வரும். நிஜமாகவே பொட்டாசியம் குறைந்தவருக்கு ‘சரியாக இருக்கிறது’ என்று வருவது அதைவிட மோசம்.

அதே ரோஜா நிறம், உடம்புக்குள்ளேயே அணு உடைந்தாலும் வரும். வகை பொருந்தாத இரத்தம் ஏற்றியபின் வரும், கடும் மலேரியாவில் வரும், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர் சில மருந்துகளைச் சாப்பிட்டாலும் வரும். இரத்தம் ஏறும்போது நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் கண்டால் ஏற்றுவதை நிறுத்திப் புதிதாக இரத்த மாதிரி எடுப்பார்கள். ஏற்றுமுன் எடுத்த மாதிரியையும் பக்கத்தில் வைத்து இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவது இரத்த வங்கியில் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று. அந்தச் சிவப்பைக் குழாய்க் கோளாறு என்று கொட்டிவிட்டால் நோயாளியின் உயிருக்கும் ஆபத்து, சான்றும் போய்விடும்.

ஆகவே என் முன்மொழிவு: உடம்புக்குள் நடப்பது ‘அகச்சிதைவு’, எடுத்தபோதோ எடுத்தபின்போ நடப்பது ‘புறச்சிதைவு’. (அகம், புறம் என்றதும் இங்குள்ள புலவர்கள் திணை, துறை கேட்டுவிடக் கூடாது.)

> ஒரு சொல் போதாதா? அடைமொழி எதற்கு?

போதாது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கென்று வந்தால் அறிக்கையில் அச்சான வார்த்தைதான் முன்னால் நிற்கும். ‘சிவப்பணுச் சிதைவு’ என்று மொட்டையாகப் போட்டால் தனக்கு ஏதோ இரத்த நோய் என்று நோயாளி மிரள்வார். எங்கே உடைந்தது என்பதை வைத்துத்தான் பொறுப்பு இரத்தம் எடுத்தவருடையதா, நோயினுடையதா என்பதே முடிவாகும்.

இதற்காக முதல் பார்வையிலேயே ‘புறச்சிதைவு’ என்று எழுதிவிடவும் நான் சொல்லவில்லை. நிறத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. கவனமாக எடுத்த மறு மாதிரியும் சிவந்தே வந்து, ஹாப்டோகுளோபினும் (உடைந்த அணுவிலிருந்து கசியும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) குறைந்திருந்தால் அகச்சிதைவு என்று சந்தேகிக்கலாம். அதுவரை ‘சிவப்பணு சிதைந்த மாதிரி, மறு மாதிரி தேவை’ என்ற வரி போதும். ‘சிதைவுற்ற மாதிரி’ என்று சுருக்கினால் அழுகிப்போனது போலத் தொனிக்கிறது, அது வேண்டாம்.

வார்டில் சொல்ல வேண்டியதும் இதுதான். முதல் ஊசிக்கு நோயாளி கையை நீட்டியதே சம்மதம். இரண்டாவது குத்துக்கு ஏனென்று சொல்லிக் கேட்க வேண்டும். ‘குழாயில் இரத்த அணு உடைந்திருக்கு அம்மா, இதை வைத்து உங்களுக்கு நோய் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது, இன்னொரு தடவை எடுக்கட்டுமா?’ என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ‘மேலிடத்தில் திரும்பக் கேட்டாங்க’ என்று சொல்லிக் குத்தினால் சண்டைதான்.

கொழுப்பால் பால்போல வெளுத்த சீரத்துக்கும் மஞ்சள்காமாலையில் கரும்மஞ்சளான சீரத்துக்கும் சொல் வேண்டும். இதே இழையில் கலக்காமல் தனியாகத் தொடங்கலாம். இலங்கை நண்பர்கள் அங்குள்ள ஆய்வகங்களில் இவற்றை எப்படி எழுதுகிறார்கள் என்று சொன்னால் உதவும்.