பத்திரச் செலவுக் கணக்கில் உங்களுக்கு நடந்தது என்ன?

பல்லடம் தறிக்காரர்:
பழைய வீடு ஒன்று வாங்கினேன். ஒன்பது சதவீதக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஸ்டாம்பு, அதாவது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, அதன் மேல் கட்டிட மதிப்பு என்று பத்திரம் எழுதுபவர் போட்டுக் கொடுத்ததைக் கட்டிப் பதிவும் முடிந்தது. அப்புறம் பதிவுத்துறையிலிருந்து கட்டிடம் பார்க்க வந்தவர் வீட்டை அளந்துவிட்டு, நேராகப் பின்னால் இருந்த தறிக்கொட்டகைக்குள் டேப்பை நீட்டினார். "தறி ஓடி ரொம்ப வருசமாச்சுங்க, மேல வெறும் அட்டைதானுங்க" என்றேன். "செவுரு இருக்குதுல்லங்க" என்று எழுதிக்கொண்டே போனார். மதிப்பில் 4 லட்சம் ஏறி, இன்னும் 36,000 ரூபாய் கட்டு என்று வந்து நின்றது. கொட்டகையைச் சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கட்டிடம் பழசானதற்குத் தேய்மானம் எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோபி அம்மிணி:
எங்கள் அத்தைக்கு, வீட்டுக்காரரின் அம்மா, வீட்டை என் பெயருக்கு செட்டில்மெண்ட், அதாவது காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுத ஆசை. வழிகாட்டி மதிப்புப்படி 42 லட்சம். மகனுக்கு எழுதினால் ஸ்டாம்பு ஒரு சதவீதம், 40,000க்கு மேல் போகாது, கட்டணம் 10,000, ஆக 50,000. மருமகளுக்கு என்றால் 3,78,000. மருமகள் சட்டத்தின் குடும்பப் பட்டியலில் இல்லையாம், அந்நியருக்குப் போடும் அதே 7 சதவீதம், 2 சதவீதம். எழுத்தர் "பையன் பேருக்கே போட்டரலாமுங்களா?" என்று கேட்டதும் அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "படுக்கையில கெடந்தப்ப என்னைத் தூக்கி உக்கார வெச்சது இவதானுங்க" என்றார். எழுத்தரும் பாவம், பட்டியலில் இல்லையே என்பதைத் தவிர என்ன சொல்வார்.

சரவணம்பட்டி பிளாட்:
நான் புது பிளாட் வாங்கினேன், 48 லட்சம். 2023 டிசம்பரில் நிலத்தையும் கட்டிடத்தையும் சேர்த்தே போடும் கூட்டு மதிப்பு வந்த பிறகு முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 4 சதவீதமும் கட்டணம் 2 சதவீதமும்தான், 2,88,000 கட்டினேன், அவ்வளவுதான் என் கதை.

கோபி அக்கா, அத்தை முதலில் மகனுக்கு எழுதட்டும், அவர் உங்களுக்கு எழுதட்டும். தாய்க்கு மகன், கணவனுக்கு மனைவி, இரண்டுமே குடும்பத்துக்குள் வருகிறது. இரண்டு பத்திரம் போட்டாலும் ஸ்டாம்பும் கட்டணமும் சேர்த்து ஒரு லட்சத்தோடு முடிந்துவிடும். முதல் பத்திரம் வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் பதிவு விவரங்கள் வரும் சான்றில், ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு அடுத்ததைப் போடுங்கள். தறிக்கார அண்ணா, நீங்கள் கேட்டவுடன் கட்டியிருக்க வேண்டியதில்லை. மதிப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விஷயம் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு, அதாவது முத்திரைத் தீர்வைக்கென்றே இருப்பவருக்கு, போகும். அவர் நோட்டீஸ் கொடுத்து உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும், கொட்டகையின் வயது, அட்டைக்கூரை எல்லாம் அங்கே சொல்லலாம். இன்னொன்று, நம் பக்கம் எல்லாம் செண்டில்தான் பேசுகிறோம், வழிகாட்டி மதிப்போ சதுர அடிக்கு வரும். செண்டுக்கு 435.6 என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், தெருப் பெயரிலும் சர்வே எண்ணிலும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

கோபி அம்மிணி:
தம்பி, மகன் வழியாகப் போகும் யோசனையை எழுத்தரும் அன்றைக்கே சொன்னார். அத்தை ஒப்பவில்லை. தன் கையெழுத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு. செலவு குறையும் என்று நான் எப்படி அவரை வற்புறுத்துவது?

பல்லடம் தறிக்காரர்:
47-ஏ எனக்கும் தெரியும் தம்பி. அங்கே போனால் முடியும்வரை பத்திரம் கைக்கு வராது. பத்திரத்தைக் கொண்டு வந்து வை என்று கடன் கொடுத்த பேங்க் நிற்கிறது. அதனால்தான் கட்டினேன். தேய்மானக் கணக்கை எழுத்தில் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.