ஜெர்சி ஷோர் பசங்க ஸ்டைலு நெஜமா, இல்ல டிவி கெளப்பிவிட்டதா?

பட்டர்வொர்த்_பொண்ணு:
வணக்கம். காலேஜ் அசைன்மெண்டுக்காக நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் இருக்கற இத்தாலிய வம்சாவளி தொழிலாளர் வீட்டுப் பசங்களப் பத்தி படிச்சிட்டு இருக்கேன். க்வீடோன்னு சொல்வாங்களே, முடிக்கு ஜெல் போட்டு குத்திட்டு நிக்க வெச்சு, கழுத்துல தங்கச் செயின், கை இல்லாத வெள்ள பனியன், ஜிம் உடம்பு, அந்த செட்டு. எனக்கு ஜெர்சி ஷோர்ங்கற அமெரிக்க ரியாலிட்டி டிவி ஷோ வழியாத்தான் தெரியும். இது அவங்களுக்குள்ள நெஜமாவே இருந்த ஸ்டைலா, இல்ல டிவிக்காரன் உருவாக்குனதா? இத்தாலிக்காரங்க சங்கங்களே ஏன் அதுக்கு அவ்வளவு கோவப்பட்டாங்க?

கேக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கிளாஸ்ல டாப்பிக்க சொன்னதும் ஒருத்தன் "ஓ, உங்க தைப்பூச உருமி பசங்க மாதிரியா"ன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. என் தம்பி உருமி அடிக்கறவன்தான், முடிக்கு கலர் போட்டிருக்கான், பினாங்கு பிறைல ஒரு ஃபேக்டரில நைட் ஷிஃப்டு முடிச்சிட்டு வந்து தூங்காம அம்மாவ கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறவன். ஆனா ரோட்டுல பாக்கறவங்களுக்கு அவன் கேங்ஸ்டர்.

செந்தூல்_அண்ணே:
தங்கச்சி, டிவிக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது அது. 1880லேந்து 1920 வரைக்கும் சுமார் 40 லட்சம் இத்தாலிக்காரங்க அமெரிக்கா போனாங்க, பெரும்பாலும் தெற்கு இத்தாலி, சிசிலி பக்கத்து ஏழைங்க. போன எடத்துல மதிப்பு கெடையாது. 1891ல நியூ ஓர்லியன்ஸ்ல போலீஸ் தலைவர் கொலை கேஸுக்காக 11 இத்தாலியர்கள ஒரு கும்பல் ஜெயிலுக்குள்ள பூந்து கொன்னுச்சு, அதுல கோர்ட்டு விடுதலை பண்ணவங்களும் இருந்தாங்க. "இத்தாலிக்காரன்னா மாஃபியா"ங்கற பேச்சு அந்தக் காலத்துலேந்தே வருது.

நீ கேக்கற ஸ்டைலு 70, 80கள்ல நியூயார்க் புரூக்ளின்ல பென்சன்ஹர்ஸ்ட், பே ரிட்ஜ் மாதிரி ஏரியால வளந்தது. தாத்தா கப்பல்ல வந்தவரு, அப்பா கட்டட வேலையோ கராஜோ, பையனும் காலேஜ் பக்கம் போகல. பட்டமும் இல்ல, ஆபீஸ் வேலையும் இல்லன்னா மரியாதைய எதுல காட்டுவான்? உடம்புல, உடுப்புல, காருல. கெமாரோ கார பளபளன்னு தொடச்சு, ஜன்னல இறக்கி பாட்ட அலறவிட்டு, 86வது தெருவுல மெதுவா ஒரு ரவுண்டு. டோனல்ட் டிரிகாரிகோன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் 1991லயே இத இளைஞர் ஸ்டைலா எடுத்து எழுதிட்டாரு, அவரத் தேடிப் படி.

அந்தச் செயின்ல சின்னதா முறுக்கின கொம்பு மாதிரி ஒன்னு தொங்கும், பாத்திருக்கியா? கண்ணேறு படாம இருக்க போடறது, தெற்கு இத்தாலிலேந்து வந்த பழக்கம். நம்ம வீட்டுல திருஷ்டிக்கு கறுப்புக் கயிறு கட்டி விடறாங்க இல்ல, அதேதான். அத ரவுடி அடையாளம்னு நெனச்சா எப்படி?

இன்னொன்னு, 1977ல வந்த "சாட்டர்டே நைட் ஃபீவர்"ங்கற பே ரிட்ஜ் டிஸ்கோ படம், வெள்ள சூட்டு போட்டு ஆடுவாங்களே. அதுக்கு அடிப்படையான 1976 பத்திரிகை கட்டுரைய நிக் கோன்னு ஒரு பிரிட்டிஷ்காரர் எழுதுனாரு, பெரும்பகுதி கற்பனைன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு, ஹீரோவ லண்டன்ல தெரிஞ்ச ஒரு பையன வெச்சு எழுதுனாராம். ஆனா ஒலகத்துக்கே புரூக்ளின் இத்தாலியப் பையன்னா அந்த ஆளுதான். வெளில இருக்கறவன் ஒன்ன எழுதிட்டா, நெஜ ஆளு அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

ஈப்போ_ரோட்_டீச்சர்:
அண்ணே சொல்றது சரி, ஆனா ஒரு பக்கம் விட்டுப்போச்சு. 1989 ஆகஸ்ட்ல யூசுஃப் ஹாக்கின்ஸ்னு 16 வயசு கறுப்பினப் பையன் பழைய கார் ஒன்னு விலைக்கு பாக்க பென்சன்ஹர்ஸ்ட் போனான், அந்த ஏரியா வெள்ளக்காரப் பசங்க, பெரும்பாலும் இத்தாலிய வம்சாவளி, கும்பலா சூழ்ந்துக்கிட்டாங்க, சுட்டுக் கொன்னுட்டாங்க. நியாயம் கேட்டு ஊர்வலம் போனவங்ககிட்ட தர்பூசணிய தூக்கிக் காட்டி கேலி பண்ணாங்க, கறுப்பினத்தவங்கள இழிவுபடுத்தற பழைய கேலி அது. "நம்ம ஏரியா"ங்கற பெருமைக்குள்ள இதுவும் இருந்துச்சு. பாவம் ஏழப் பசங்கன்னு சொல்லி இத மறைச்சிட்டா அசைன்மெண்ட் நேர்மையா இருக்காதும்மா.

நம்ம பக்கமும் அப்படித்தான். 2013ல மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல் பேர வெளியிட்டப்ப நம்ம பசங்க அதிகமா இருந்த கும்பலும் அதுல இருந்துச்சு. எங்க ஸ்கூல்லயும் பாத்திருக்கேன், ஃபோர்ம் த்ரீல நல்லா படிச்ச பையன், அப்பாவுக்கு வேல போச்சு, ஃப்ளாட்டு கீழ நிக்கற அண்ணனுங்க மோட்டார்பைக் குடுத்தாங்க, கைச்செலவுக்கு காசு குடுத்தாங்க, அப்புறம் பையன் கிளாஸுக்கு வரவே இல்ல.

பட்டர்வொர்த்_பொண்ணு:
டீச்சர், இது எனக்குத் தெரியவே தெரியாது, கண்டிப்பா சேக்கறேன். ஆனா முடிக்கு கலர் போட்டவன் வேற, கும்பல்ல இருக்கறவன் வேற இல்லையா? ரெண்டையும் ஒன்னாக்கறதுலதானே என் தம்பி மாதிரி பசங்க மாட்டிக்கறாங்க. போன வருஷம் ஒரு எடத்துல இண்டர்வியூக்கு போனான், காதுல கடுக்கன பாத்துட்டு ஃபோர்மே குடுக்கல.

ஜெலுத்தோங்_மணி:
டிவி பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். ஜெர்சி ஷோர் 2009 டிசம்பர்லேந்து 2012 வரைக்கும் ஓடுச்சு, பெரும்பாலும் நியூ ஜெர்சில சீசைட் ஹைட்ஸ்னு ஒரு கடலோர ஊர்ல எடுத்தது. அதுல நடிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு நியூ ஜெர்சியே இல்ல, ஸ்டேட்டன் ஐலண்ட், பிராங்க்ஸ், ரோட் ஐலண்ட் அப்படி. ஸ்னூக்கி சிலி நாட்டுல பொறந்து இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் தத்தெடுத்த பொண்ணு, ஜேவாவ் இத்தாலியே கெடையாது. ஆக ஸ்டைலு நெஜம், அத எட்டுப் பேருக்குள்ள அடைச்சு குடியும் சண்டையுமா வித்தது டிவி.

யூனிகோன்னு இத்தாலிய அமெரிக்கர் சங்கம் ஷோ வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லுச்சு. 2011ல நியூ ஜெர்சி கவர்னர் கிரிஸ் கிறிஸ்டி, அவருக்கும் அம்மா வழில சிசிலி ரத்தம், அந்த ஷோவுக்கு வரவேண்டிய 4,20,000 டாலர் வரிச் சலுகைய ரத்து பண்ணாரு. கோவம் நியாயந்தான், க்வீடோங்கறது திட்டற வார்த்தையாவும் இருந்துச்சு. ஆனா அதுல பாதி வசதி வந்தவங்க கோவம்னு நான் நெனக்கறேன். டாக்டர் ஆனவன், லாயர் ஆனவன், புறநகர்ல வீடு வாங்குனவன், இவங்களுக்கு "எங்க மானத்த வாங்குறானுங்க"ன்னு அந்தப் பசங்க மேலயே எரிச்சல். தண்ணிமலை கோயில் பக்கம் தைப்பூசத்தன்னிக்கு நின்னு பாரு, உருமி செட்டு வந்ததும் மொகத்த சுளிக்கறது சீனனோ மலாய்க்காரனோ மட்டுமில்ல, கொண்டோலேந்து வந்த நம்ம ஆளுதான் மொதல்ல சுளிப்பாரு. அவரோட அப்பாவும் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவர்தான்.

ஈப்போ_ரோட்_டீச்சர்:
மணி, இது நானும் ஒத்துக்கறேன். பொண்ணு, நீ கேட்டதுக்கும் பதில் ஆமாதான், ரெண்டும் வேற வேற. அதனால ஷோவ வெச்சு மட்டும் எழுதாத. பென்சன்ஹர்ஸ்ட்ல வளந்த யாராவது பேசின பேட்டி தேடிப் பாரு, அப்புறம் உன் தம்பி செட்டுலயும் நாலு பேர ஒக்கார வெச்சு முடிக்கு ஏன் கலர், உருமிய எங்க கத்துக்கிட்டாங்க, யாரு மொதல்ல கேங்ஸ்டர்னு கூப்பிட்டதுன்னு கேட்டு, அவங்க சொல்றத அப்படியே எழுது.