சிறகெறும்பு பறக்கும் நாளுக்குக் காத்திருந்தவர்கள் உண்டா?

ஹாரோ கொல்லைக்காரன் (லண்டன்):
ஜூலை வந்தால் எனக்குக் கழுத்து வலியும் வந்துவிடும். பாதி நாள் குனிந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டத்துக் கருப்பெறும்பைச் சொல்கிறேன்; கோடையில் அதன் ராணிகளும் ஆண்களும் சிறகோடு வெளியே வந்து கூடுவதற்காகப் பறக்குமே, அதைப் பார்க்கத்தான். நான்கு நாள் மழை விட்டு, போன சனிக்கிழமை ஒரே புழுக்கம். இலை அசையவில்லை. மூன்று மணிக்குப் பின்கட்டுக் கல்லிடுக்கிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தன. கொசு அளவில் ஆண்கள், நடுவே மெழுகு பூசியது போல மினுமினுக்கும் ராணிகள். ஒரு ராணி புல் நுனிவரை ஏறிச் சிறகையும் விரித்துவிட்டது. கீழேயிருந்து வந்த வேலைக்கார எறும்பு ஒன்று அதன் பின்னங்காலைக் கவ்வி இழுக்கிறது! புல் வளைகிறது, அதுவும் விடவில்லை, இதுவும் விடவில்லை. அந்நேரம் பார்த்து ஊரிலிருந்து அக்காவின் தொலைபேசி. எடுக்காமல் இருக்க முடியுமா? இருபது நிமிடம் கழித்து வந்தால் கல்லின் மேல் ஒன்றுமே இல்லை. அந்த எறும்பு ஏன் இழுத்தது? ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

பனங்காட்டான் (கோவில்பட்டிப் பக்கம்):
எங்கள் ஊரில் காத்திருக்கவே வேண்டாம், ஐப்பசி மழை பெய்தால் தானே வரும். அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை என்பார் பாட்டி. ஈசல் பிடிக்கப் புற்றின் வாயருகே குழி தோண்டிப் பானையை இறக்கி, அரிக்கேன் விளக்கை வைப்பார்கள். எனக்கு ஆறு வயது. பானை நிறைந்துவிட்டதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டேன். முழங்கைவரை உயிர். விரலிடுக்கெல்லாம் சிறகு சரசரத்தது. அலறிக்கொண்டு ஓடிவிட்டேன். மறுநாள் பொரியரிசியோடு வறுத்தபோது தின்னவில்லை. ஆனால் அந்த வாசனையை நினைத்தால் இன்றும் நாக்கில் நீர் ஊறுகிறது.

கண்ணாடிக்குழாய்:
மேலே எழுதியவருக்கு: ஈசல் எறும்பே இல்லை, கறையான். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே அளவு. எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. எறும்புக்கு நூல் போன்ற இடுப்பு. ஈசலுக்கு இடுப்பே கிடையாது. உறவுமுறை பார்த்தால் ஈசலுக்குக் கரப்பான்தான் பங்காளி. ஆண் எறும்பு கூடியதும் செத்துப்போகும். ஆண் ஈசலோ ராஜாவாக ராணியோடு புற்றுக்குள் குடித்தனம் நடத்தும்.

என் அனுபவம்: ஒருமுறை என் செருப்பு நுனியில் இறங்கிய எறும்பு ராணி, காலால் நெம்பித் தன் சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு நடந்துபோனது.

முதலில் எழுதியவருக்கு ஒரு யோசனை. சிறகு உதிர்த்த ராணியை மட்டும் பிடியுங்கள். சோதனைக் குழாயில் கால்வாசி தண்ணீர், அதன் மேல் இறுகப் பஞ்சு, ராணியை விட்டு வாயிலும் பஞ்சு. இருட்டில் வையுங்கள். தீனி வேண்டாம், இனிப் பயன்படாத பறக்கும் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். தினமும் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள், முட்டையைத் தானே தின்றுவிடும். பொறுமை இருந்தால் உங்கள் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை கூட இருக்கும். வளர்ப்பில் ஒரு கருப்பெறும்பு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

பனங்காட்டான்:
எறும்பா கறையானா என்று பார்த்துவிட்டா பாட்டி வறுத்தார்?

குரோய்டன்வாசி:
தலைப்பே தவறு. 'பறக்கும் நாள்' என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் 2012 முதல் மூன்று ஆண்டுகள் பொதுமக்கள் அனுப்பிய குறிப்புகளை ஆராய்ந்ததில், கோடை முழுவதும் ஏறக்குறைய நாள்தோறும் எங்காவது பறந்திருக்கின்றன. வெப்பம் 13 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், காற்று நொடிக்கு 6.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. மழைக்கு மறுநாள்தான் என்பதெல்லாம் நம் ஊர் ஈசல் கணக்கு. 2020 ஜூலையில் வானிலை ராடாரில் தென்கிழக்கு இங்கிலாந்தின் மேல் மழை போலத் தெரிந்ததே, அது முழுக்க எறும்பு. நான் தரையைப் பார்ப்பதில்லை. கடற்காக்கைகள் கூரைக்கு மேல் வட்டமிட்டால் வெளியே வருவேன். அன்று ஒன்று நடுத்தெருவில் நின்று எறும்பு பொறுக்கியது. பின்னால் பஸ் ஒலியெழுப்பியும் அசையவில்லை.

கோவை மாடிவீடு:
அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே! எங்கள் கிணற்றுமேட்டில் கட்டெறும்புப் புற்று. கோடை மழைக்குப் பிந்திய ஒரு மாலை, சிறகெறும்புகள் மூன்று தடவை வெளியே வந்தன. மூன்று தடவையும் வேலைக்கார எறும்புகள் காலையும் சிறகையும் கவ்வி உள்ளே இழுத்துப்போயின. காற்று அடித்துக்கொண்டே இருந்தது. இருட்டும் நேரம் காற்று நின்றது; நான்காம் தடவை யாரும் தடுக்கவில்லை. பறக்க நேரம் சரியில்லை என்றுதான் இழுக்கின்றன போல. அதற்குள் அத்தை மண்ணெண்ணெய் டின்னோடு வந்துவிட்டார். குறுக்கே நின்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஹாரோ கொல்லைக்காரன்:
கோவை அம்மாவுக்கு நன்றி. குழாய் நான் கேட்கவில்லை, இருந்தாலும் வாங்கிவிட்டேன். இன்று அந்தப் புல்லடியில் தேடினேன். சிறகுகள் கிடந்தன, அந்த ராணியுடையதா என்று சொல்ல முடியாது. நாளை 26 டிகிரி, காற்று குறைவு என்கிறார்கள். மூன்று மணி முதல் ஐந்து மணிவரை கூப்பிடாதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன். நாளை ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.