கலைச்சொல் தேவை: எமுலேட்டரில் ஒலி அறுபடுவதை என்னவென்று எழுதுவது?

கோபிசெட்டிபாளையம், வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலை ஈரோட்டு அச்சகத்துக்கு ஒரு கையேடு போயாக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் பழைய டிவி கேம்களை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பதினாறு பக்கங்களில் பதினைந்து முடிந்துவிட்டன. ஒலிக் கோளாறுக்கான பக்கம் மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது.

எமுலேட்டர், அதாவது பழைய கேம் கருவியைப் போலச் செய்யும் மென்பொருள், ஒலியை உண்டாக்கிப் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போடுகிறது. ஒலிச்சில்லு மறுமுனையில் எடுத்துக்கொண்டே இருக்கிறது. போடுவது தாமதமானால் பஃபர் காலியாகி 'டப், டப்' என்று உடைகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பஃபர் அண்டர்ரன். பிள்ளைகள் 'கரகர' என்கிறார்கள். 'கரகரப்பு' என்றே தலைப்பிட்டுவிடலாமா?

பொள்ளாச்சி, வெள்ளி இரவு

அம்மா, அது மட்டும் வேண்டாம். முப்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். வால்யூம் கட்டையில் தூசி ஏறினால் கரகர. ஜாக் தளர்ந்தால் கரகர. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தாலும் கரகர. காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே மருந்தை எழுத முடியுமா? ஒயரை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைக்கும்போது சத்தம் மாறினால் அது என் கடை வேலை. மாறாமல், திரையில் எதிரிகள் கூட்டமாக வரும்போது மட்டும் உடைந்தால் அது உங்கள் கோளாறு. காரணத்தைச் சொல்லும் பெயராக வையுங்கள்.

கோவை, சனி காலை

பொள்ளாச்சி அண்ணன் சொல்வதே சரி. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (ஒலியின் அளவுப் புள்ளிகள்), 60 சட்டகங்கள் (திரைப் படங்கள்) என்றால் சட்டகத்துக்கு 800 மாதிரிகள். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் ஒலித் தாமதம் இயல்பாக 64 மில்லிநொடி, அதாவது 3,072 மாதிரிகள். ஏறக்குறைய நான்கு சட்டகங்களுக்கான கையிருப்பு அது. அதையும் தாண்டிப் பலகை பிந்தினால் ஒலி அறும். 128 ஆக்கினால் உடைவது குறையும், ஆனால் பொத்தானை அழுத்தி வீரன் குதித்த பிறகுதான் குதிக்கும் சத்தம் கேட்கும்.

அக்கா, பலகை ஏன் பிந்துகிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ, சில்லின் சூடு 80 டிகிரியைத் தொட்டாலோ அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சொல் என்று கேட்டால், கலைச்சொல் பட்டியல்களில் பஃபருக்கு 'இடையகம்' இருக்கிறது. 'இடையகக் குறைவு' போதும்.

பவானி, சனி மதியம்

அன்புடையீர், ஒலிக் குற்றங்களுக்குப் பெயரிடும் வேலையை நம்மவர்கள் எப்போதோ செய்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை யாழுக்கு நான்கு பகைகளைச் சொல்கிறது: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு சேராத ஓசை செம்பகை. அளவிறந்து ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கி ஒலிப்பது கூடம். இழுமென்று ஓடாமல் சிதறி ஒலிப்பது அதிர்வு. அம்மா, உங்கள் 'டப், டப்' என்பது அதிர்வேதான். அந்தக் காப்பியத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நம் விஜயமங்கலத்துப் பக்கத்தவர் என்பார்கள். நம் மண்ணின் உரையாசிரியர் கை வைத்த சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

எமுலேட்டர் என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் எல்லோரும் படித்த 'போன்ம்' இருக்கிறதே, போலும் என்பதன் குறுக்கம், அதிலிருந்து 'போன்மி' என்று ஆக்கலாம். போலச் செய்வது போன்மி. அங்கே மகரம் கால் மாத்திரையாகக் குறுகுகிறது. மாத்திரை என்பது கண்ணிமைப் பொழுது. ஒலி அறுகிற இடைவெளியும் அப்படிக் கால் மாத்திரையிலும் குறைந்ததாகத்தானே இருக்கும்?

கோவை, சனி மாலை

ஐயா, அதிர்வு இப்போது இயற்பியலுக்குப் போய்விட்டது. அதிர்வெண் என்று படிக்கிற பிள்ளையிடம் அதிர்வு ஒரு கோளாறு என்றால் இரண்டும் குழம்பும். ஆர்ப்பை வேண்டுமானால் ஒலி அளவு மீறி நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளலாம், அழகாகப் பொருந்துகிறது. போன்மிக்குத் தனி இழை தொடங்குவோம்.

திருப்பூர், சனி இரவு

பஃபர் என்றே எழுதுங்கள். எங்கள் ஊரே பனியனில் வாழ்கிறது. அது எந்த மொழிச் சொல் என்று யாரும் கேட்டதில்லை. பிள்ளை நாளை இணையத்தில் தேடும்போது பஃபர்தான் கண்ணில் படும்.

கோபிசெட்டிபாளையம், சனி இரவு

இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள், பக்கத்தில் இருந்தவள் திரையைப் பார்த்தாள். வலது மேல் மூலையில், மின்சாரம் குறைந்ததைக் காட்டும் மஞ்சள் மின்னல் குறி வரும்போதெல்லாம் காது வைத்தவள் "இப்போ" என்று கை தூக்கினாள். ஏழு முறை வந்தது, ஏழு முறையும் கை உயர்ந்தது. கைப்பேசிக்கு வாங்கிய மெல்லிய ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயரையும் சரியான அடாப்டரையும் போட்டோம். மின்னல் நின்றது, உடைவதும் நின்றது. "டீச்சர், அதுக்குத் தண்ணி பத்தலை" என்றாள் அவள். கீழ்பவானிக் கிளை வாய்க்கால் ஒன்றின் கடைமடையில் வளர்கிற பிள்ளை.

அதிலிருந்து எனக்கு 'தாங்கல்' நினைவுக்கு வந்தது. வடக்கே ஏரிக்கே தாங்கல் என்று பெயர், வேடந்தாங்கல் போல. வேதியியலிலும் தாங்கல் கரைசல் இருக்கிறது. தாங்கல் வறட்சி?

பவானி, ஞாயிறு காலை

அம்மா, அந்தப் பிள்ளை சொன்ன பிறகு நான் அதிர்வை விட்டுவிடுகிறேன். ஆனால் தாங்கல் நம் பக்கத்துப் பேச்சில் இல்லை. நம்மிடம் கவலை ஏற்றம் இருந்தது. மாடுகள் வாரி என்ற சரிவில் இறங்கினால் சால் என்ற பெரிய வாளி கிணற்றிலிருந்து மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னால் ஏறி வரும் நேரத்தில் புதுத் தண்ணீர் வராது. ஆனாலும் வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிறைந்திருக்கும் வரை. மாடு ஒரு கணம் தயங்கினால் என் அப்பா வாய்க்காலைப் பார்க்க மாட்டார், தொட்டியைத்தான் பார்ப்பார். உங்கள் பஃபர் அந்தத் தொட்டி. 'ஒலித்தொட்டி' என்று வையுங்கள். த் கட்டாயம் வேண்டும். ஒற்று இல்லாமல் ஒலிதொட்டி என்றால் வினைத்தொகையாகி, ஒலிக்கின்ற தொட்டி என்று பொருள் திரும்பிவிடும்.

வறட்சிக்குப் பதில் 'அறவு' நல்லது. அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவையை அறியாதவர் யார்? ஒலித்தொட்டியறவு.

கோவை, ஞாயிறு காலை

தொட்டிக்கு நான் சம்மதம். இடையகத்தை அடைப்புக்குறியிலாவது போடுங்கள், மேல்வகுப்பில் அதைத்தான் சந்திப்பார்கள். ஆனால் அறவு என்றால் யாருக்குப் புரியும்? வறட்சியும் மாதக்கணக்கில் நீடிப்பது, இது பத்து மில்லிநொடி.

இன்னொன்று. தொட்டி குறைவதைக் கண்டால் ரெட்ரோஆர்ச் ஒலியை மிகச் சிறிதளவு, அரைச் சதவீதம் வரை, நீட்டி நிரப்பும். காதுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

பவானி, ஞாயிறு மதியம்

தம்பி, அது அளபெடை! செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் நெட்டெழுத்து தன் அளவில் நீண்டு குறையை நிறைக்கிறதே, அதுவேதான். நன்னூல் செய்த பவணந்தியைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தவர் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இலக்கணமும் கணினியும் ஒரே சொல்லில் சேர்ந்து கிடைக்கட்டும். இதை விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர், ஞாயிறு மாலை

அளபெடைக்கு என் வாக்கு உண்டு. தொட்டிக்கு இல்லை. பஃபர்.

கோபிசெட்டிபாளையம், ஞாயிறு இரவு 11 மணி

எல்லோருக்கும் நன்றி. தலைப்பு 'ஒலித்தொட்டி வறட்சி' என்று போகிறது. முதல் வரியில் பஃபரும் இடையகமும் வருகின்றன. பொள்ளாச்சி அண்ணன் சொன்ன ஒயர் சோதனை அதற்கு அடுத்து. அளபெடைக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன். பக்கம் நிறைந்துவிட்டதால் ஆர்ப்புக்கு இடமில்லை. ஆறு பேரிடம் தனியாகவும் கேட்டேன், நான்கு பேர் வறட்சி என்றார்கள். தூக்கம் வருகிறது, கோப்பை அனுப்பப் போகிறேன்.

பவானி, திங்கள் காலை 5 மணி

அச்சுக்குப் போயிருக்கும். போகட்டும். ஆனால் வறட்சி தவறு. வறண்ட தொட்டியில் பாசி காய்ந்து வெடித்திருக்கும், அடுத்த சால் வந்ததும் நிறைகிற தொட்டி வெறுமனே அற்ற தொட்டி. இரண்டாம் பதிப்புக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள் அம்மா.