ஹியூம் பிரபு பட்டத்தை விட்டுட்டு பிரதமர் ஆனது எப்படி?

பழையபேப்பர்:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி இது, வரலாறு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. 1963ல பிரிட்டனுக்கு பிரதமரா வந்த அலெக் டக்ளஸ்-ஹியூம் (எழுத்துல ஹோம்னு இருக்கும், ஆனா ஹியூம்னு தான் சொல்லணுமாம்) பரம்பரை பிரபு, அந்த வம்சத்துல 14ஆவது ஏர்ல் (பிரபுப் பட்டத்துல ஒரு வகை), அதனால பிரபுக்கள் சபை உறுப்பினர். பிரதமர் ஆனதும் பட்டத்தை விட்டுட்டாரு, ஆனா அப்ப மக்கள் சபையிலயும் அவரு எம்பி கிடையாது. அப்படின்னா கொஞ்ச நாள் எந்த சபையிலயும் இல்லாத ஒருத்தர் பிரதமரா இருந்திருக்காரு, இது சட்டப்படி எப்படி நடந்துச்சு? பொறப்புல வர்ற பட்டத்தை வேணாம்னு எழுதிக் குடுத்துட முடியுமா?

தாள்புரட்டி:
முடியும், ஆனா அந்த வருஷம் ஜூலை வரைக்கும் முடியாது.

அந்த அக்டோபர்ல பிளாக்பூல்ல கன்சர்வேடிவ் கட்சி மாநாடு நடக்குற நேரத்துல பிரதமர் மேக்மில்லனுக்கு புராஸ்டேட் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில இருந்துகிட்டே ராஜினாமா பண்ணிட்டாரு. அப்ப அந்தக் கட்சியில தலைவரை ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குற வழக்கமே இல்ல, பெரியவங்க ஆளுக்கு ஆள் கருத்து கேட்டு முடிவு பண்ணுவாங்க. அடுத்த பிரதமர் கட்சித் தலைவர்கள் பட்லர், ஹெய்ல்ஷாம், மாட்லிங் இவங்கள்ல ஒருத்தர்னு எல்லாரும் பேசிட்டு இருக்க, மேக்மில்லன் ராணிகிட்ட சொன்ன பேரு ஹியூம். 19ஆம் தேதி பிரதமர் ஆனாரு, 23ஆம் தேதி பட்டத்தை துறந்தாரு. ஸ்காட்லாந்துல கின்ராஸ் அன்ட் வெஸ்ட் பெர்த்ஷயர் தொகுதி எம்பி இறந்து ஏற்கனவே இடைத்தேர்தல் வர இருந்துச்சு, அங்க நிக்க இருந்த கட்சிக்காரர் ஜார்ஜ் யங்கர் இவருக்காக விலகிட்டாரு, நவம்பர் 7 ஓட்டெடுப்புல ஜெயிச்சாரு. நடுவுல ரெண்டு வாரம் நீங்க சொன்ன மாதிரி அவரு எந்த சபையிலயும் இல்ல. பிரதமர் எம்பியா இருந்தே ஆகணும்னு அங்க எழுதி வச்ச சட்டம் கிடையாது, எல்லாம் மரபு தான். நாடாளுமன்றக் கூட்டத்தொடரையே நவம்பர் 12க்கு தள்ளி வச்சாங்க.

ஆனா மரபுக்கு அங்க எவ்வளவு வலு பாருங்க, 1902ல சாலிஸ்பரி பிரபு பதவி விட்டதுக்கு அப்பறம் பிரபுக்கள் சபையில உக்காந்துகிட்டு ஆட்சி நடத்துன பிரதமர் யாரும் இல்ல. இந்தியாவுல வைஸ்ராயா இருந்த கர்சனுக்கு 1923ல பிரதமர் பதவி கைக்கு எட்டுற தூரத்துல வந்து போனதுக்கும் அவரு பிரபுவா இருந்தது ஒரு காரணம்.

செம்மண்புழுதி:
மேல சொன்னவரு ஜூலைன்னு சொல்லிட்டு விட்டுட்டாரு, கதையோட உயிரே அங்க தான் இருக்கு. பட்டத்தை துறக்கலாம்னு அந்த ஜூலைல வந்த சட்டம் ஹியூமுக்காக வரல, அதுக்குப் பின்னாடி இருந்தது டோனி பென்னோட போராட்டம். லேபர் கட்சிக்காரர், பிரிஸ்டல் தென்கிழக்கு எம்பி. அவரோட அப்பா வெட்ஜ்வுட் பென் 1929ல இருந்து 31 வரைக்கும் இந்தியாவுக்கான மந்திரியா இருந்தவரு, 1942ல ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆக்குனாங்க. பட்டத்துக்கு வாரிசு மூத்த பையன் தான், அவரு போர்ல செத்துப் போயிட்டாரு. 1960 நவம்பர்ல அப்பா இறந்ததும் பட்டம் டோனி தலையில வந்து விழுந்துச்சு, அந்த நிமிஷமே எம்பி பதவி போச்சு. அவரு எனக்கு வேணாம்னு கத்துறாரு, யாரும் கேக்கல. இடைத்தேர்தல்ல மறுபடியும் நின்னாரு, 1961 மே மாசம் மக்கள் ஓட்டை அள்ளிப் போட்டாங்க, ஆனா தேர்தல் கோர்ட் பிரபு எம்பி ஆக முடியாதுன்னு சொல்லி தோத்துப் போன கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு சீட்டைக் குடுத்துருச்சு. மக்கள் தேர்ந்தெடுத்தவரை விட்டுட்டு தோத்தவரை உள்ள அனுப்புனதை இன்னைக்கு படிச்சாலும் எனக்கு கோபம் வருது.

அப்பறம் 1963 ஜூலை 31ல சட்டம் வந்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே முதல் ஆளா கையெழுத்துப் போட்டு பட்டத்தை தூக்கி எறிஞ்சாரு. சீட்டை வாங்குன கன்சர்வேடிவ்காரரும் நேர்மையா ராஜினாமா பண்ணாரு, ஆகஸ்ட்ல பென் திரும்பி வந்தாரு. இன்னொரு விஷயம், சட்டம் அடுத்த பொதுத் தேர்தல்ல இருந்து தான் அமலாகும்னு மொதல்ல இருந்துச்சு, பிரபுக்கள் சபை தான் உடனே அமலாகணும்னு திருத்துச்சு. அந்தத் திருத்தம் இல்லன்னா அக்டோபர்ல ஹியூம் பேரே எடுபட்டிருக்காது.

பழையபேப்பர்:
ஒரு சோஷலிஸ்ட் அடிச்சுத் திறந்த கதவு வழியா ஒரு ஏர்ல் பிரதமர் ஆகியிருக்காரு, இது எனக்கு தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஹியூம் ஆள் எப்படி? வம்சப் பேரை வச்சு மட்டும் மேல வந்தவரா?

மூன்றாம்ஸ்லிப்:
அப்படி ஒதுக்கிட முடியாது சார். பொறந்தது 1903, ஈட்டன், அப்பறம் ஆக்ஸ்ஃபோர்ட். முதல்தர கிரிக்கெட் ஆடுன ஒரே பிரிட்டிஷ் பிரதமர் இவரு தான், 10 மேட்ச், மிடில்செக்ஸுக்கும் ஆடியிருக்காரு. 1931ல லனார்க் எம்பி, அப்ப டங்கிளாஸ் பிரபுன்னு கூப்பிடுவாங்க, அப்பா உயிரோட இருந்ததால அது வெறும் மரியாதைப் பட்டம், மக்கள் சபையில இருக்க தடை இல்ல. பிரதமர் சேம்பர்லேனுக்கு உதவியாளரா 1938ல ஹிட்லருக்கு விட்டுக்குடுத்த மியூனிக் ஒப்பந்தத்துக்குப் போனாரு, அது அவரு மேல நிரந்தரமா ஒட்டிக்கிச்சு. 1940ல முதுகெலும்புல டிபி, ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் மாவுக்கட்டுல மல்லாந்து படுத்தே கிடந்தாரு, அப்ப மார்க்ஸை எல்லாம் உக்காந்து, சாரி படுத்துகிட்டே படிச்சாரு. எழுந்து வந்து 1945ல ஸ்டாலினோட நடந்த யால்டா மாநாட்டுல போலந்தைக் கைவிட்டது தப்புன்னு சர்ச்சில் அரசையே எதிர்த்துப் பேசுனாரு. மியூனிக்ல கூட இருந்த ஆளு இதைப் பேச எவ்வளவு துணிச்சல் வேணும்னு நான் யோசிச்சுப் பாக்குறேன்.

தாள்புரட்டி:
அவரு நல்ல மனுஷன்னு ஒத்துக்கறேன், ஆனா தேர்ந்தெடுத்த விதம் சரியே இல்ல. அதனால தான் கன்சர்வேடிவ் மந்திரிகளா இருந்த மெக்லியோடும் ஈனக் பவலும் அவரு அமைச்சரவையில சேர மாட்டேன்னுட்டாங்க, உள்வட்டத்து ஆளுங்க கூடிப் பண்ண வேலைன்னு மெக்லியோட் 1964 ஜனவரியில பத்திரிகையிலயே எழுதிட்டாரு. பட்லர் கடைசி வரைக்கும் பிரதமர் ஆகவே இல்ல.

லேபர் தலைவர் ஹெரால்ட் வில்சன் 14ஆவது ஏர்ல்னு சொல்லிச் சொல்லி தாக்குனாரு, வில்சனும் 14ஆவது மிஸ்டர் வில்சனா தானே இருக்கணும்னு ஹியூம் திருப்பிச் சொன்னது ரொம்ப பிரபலம். 1964 அக்டோபர் தேர்தல்ல லேபர் 317, கன்சர்வேடிவ் 304, மத்த எல்லாக் கட்சியையும் சேத்துப் பாத்தா லேபருக்கு மெஜாரிட்டி வெறும் 4. ஒரு வருஷத்துக்குள்ள ஆட்சி போச்சு. ஆனா தன்னைத் தேர்ந்தெடுத்த அந்த முறையையே ஹியூம் தான் மாத்துனாரு, 1965ல எம்பிக்கள் ஓட்டு போட்டு தலைவரைத் தேர்ந்தெடுக்குற விதி வந்துச்சு, அதுல முதல்ல ஜெயிச்சது ஹீத். அந்த ஹீத் பிரதமரா இருந்தப்ப அவரு கீழயே 1970ல இருந்து 74 வரைக்கும் கௌரவம் பாக்காம வெளியுறவு மந்திரியா வேலை பாத்தாரு. 1971ல உளவு வேலைன்னு 105 சோவியத் ஆளுங்களுக்கு கதவை மூடுனதும் அந்தக் காலத்துல தான்.

செம்மண்புழுதி:
பட்டத்தைப் பத்தி கேட்டீங்கல்ல பழையபேப்பர், ஒருத்தர் துறந்தா அவரு ஆயுசு வரைக்கும் தான், வாரிசுக்கு போயிரும். ஹியூம் 1974ல ஆயுட்காலப் பிரபுவா (வாரிசுக்குப் போகாத பட்டம்) பிரபுக்கள் சபைக்கே திரும்பிப் போயிட்டாரு, 1995ல அவரு இறந்ததும் மகன் 15ஆவது ஏர்ல். 2014ல பென் இறந்ததும் அவரு தூக்கி எறிஞ்ச அதே ஸ்டான்ஸ்கேட் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனுக்கு வந்துருச்சு.