ஸ்டாக்ஹோமில் ஒரே நாள்: அம்மாவை ஸ்கான்சனுக்குக் கூட்டிப் போகலாமா?

பர்கூர்க்காரன்

தம்பி ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் அம்மாவும் நானும் போகிறோம். அவனுக்கு லீவு கிடைத்திருப்பது ஒரே நாள். அன்றைக்கு ஸ்கான்சன் என்கிற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். பழைய கிராமத்து வீடுகளாம், கொட்டகைகளாம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. "மாட்டுக் கொட்டகை பார்க்கவா ஏரோப்ளேன் ஏறி வரணும்?" என்று கேட்கிறார். பக்கத்திலேயே மூழ்கிய கப்பல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்களாமே, அது தேவலையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஷிப்ட்

கப்பல்தான். பெயர் வாசா. 1628இல் முதல் பயணத்திலேயே, துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்தது. 333 வருடம் தண்ணீருக்குள் கிடந்ததை 1961இல் தூக்கினார்கள். முழுக்கப்பலும் கூரைக்கு அடியில் நிற்கிறது, மழை பெய்தாலும் பிரச்சினை இல்லை. ஸ்கான்சனுக்கு கம்பெனி டிரெயினிங்கில் போனபோது ஒரு நடை போனேன். பத்து வீடு பார்த்ததும் எல்லாம் ஒரே வீடு மாதிரி ஆகிவிட்டது.

பாலக்கோடு டீச்சர்

பர்கூர் தம்பி, ஷிப்ட் தம்பி சொன்ன பத்து வீட்டு அலுப்பு எனக்கும் வந்ததுதான். முதல் நாள் நானும் என் வீட்டுக்காரரும் மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடினோம். அங்கே ஏறக்குறைய 150 கட்டடங்கள். சாயங்காலம் ரூமுக்கு வந்து யோசித்தால் காலில் கொப்புளம்தான் ஞாபகம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அவருக்கு ஒரு வீட்டுக்கு மேல் நடக்க முடியவில்லை. அந்த ஒரு வீட்டைப் பற்றி நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே அந்தக் காலத்துப் பாவாடையும் தலைத்துணியுமாக ஒரு பெண் ஆட்டு மயிர் நூற்றுக்கொண்டிருந்தார். (சம்பளத்துக்கு உட்காருகிறவர்கள்தான், ஆனால் வேலை தெரிந்தவர்கள்.) மாமியார் சின்ன வயதில் எங்கள் பக்கம் குறும்பர் கம்பளி நெய்வதை உட்கார்ந்து பார்த்தவர். ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினார். அந்தப் பெண்ணும் தக்களியைக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு தடவை நூல் அறுந்தது, மூன்றாம் தடவை ஓடியது. நான் பக்கத்தில் மரக்கட்டை மாதிரி நின்றேன், எனக்கு நூற்கத் தெரியாதே.

அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. நான் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன். "இத்தனூண்டு வீட்டில் மருமகள் எங்கே படுப்பாள்?" குளிர்காலத்தில் எல்லோரும் இதே அறையில்தான் என்று அந்தப் பெண் சுவரோடு சேர்த்து அடித்த கட்டிலைக் காட்டினார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே கழியில், நடுவில் ஓட்டை போட்ட வட்ட வட்டமான ரொட்டிகள் கோத்துத் தொங்கின. ரை என்கிற தானிய மாவில் சுட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் மாவு மில் சுற்றுமாம், அதனால் பல ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு தடவை சுட்டு, காயவைத்துத் தின்றிருக்கிறார்கள். "நாம தினமும் களி கிண்டறோம், இவங்க கெட்டிக்காரங்க" என்றார்.

வீட்டுச் சுவர் எல்லாம் அடர்ந்த சிவப்பு. ஃபாலூன் என்கிற ஊர்ச் செம்புச் சுரங்கத்து மண்ணில் செய்யும் சாயம். நம் பக்கம் சுவருக்குக் காவி அடிக்கிற மாதிரிதான் தெரிந்தது.

ஸ்கான்சனை 1891இல் தொடங்கியவர் ஆர்தர் ஹாசேலியஸ். கிராமங்களில் பழைய உடுப்பும் பாத்திரமும் வேகமாக மறைவதைப் பார்த்துச் சேர்க்கத் தொடங்கியவர், பிறகு வீடுகளையே வாங்கினார். கட்டைக்குக் கட்டை எண் எழுதி, கழற்றி, இங்கே கொண்டுவந்து அதே வரிசையில் பொருத்தியிருக்கிறார்கள். போலந்து மாதிரி சில நாடுகளில் இப்படிப்பட்ட இடத்துக்கே பொதுப்பெயர் ஸ்கான்சன் ஆகிவிட்டது. நாங்கள் எங்கள் தாத்தா வீட்டு நிலைக்கதவை எடைக்குப் போட்டோம். அதை அங்கே நின்றுகொண்டு மாமியாரிடம் சொல்லவில்லை.

முழங்காலுக்கு: 7ஆம் நம்பர் டிராம் வாசலிலேயே நிற்கும். ஆனால் இடம் மேடு. பிரதான வாசலுக்குள் எஸ்கலேட்டர் உண்டு, அதில் ஏறிவிடுங்கள். பழைய நகரத் தெருப் பக்கம் உருண்டைக் கற்கள் பதித்த இறக்கம், செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

முட்டுக்காடு ரிட்டர்ன்

டீச்சர் சொன்னதற்கு ஒரு ஒத்திகை வேண்டுமென்றால் சென்னை பக்கம் தட்சிணசித்ராவுக்கு முதலில் கூட்டிப் போங்கள். தென்மாநிலத்துப் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து 1996இல் திறந்தது. செவ்வாய்க்கிழமை லீவு, நான் செவ்வாய்க்கிழமைதான் போய் நின்றேன்.

பர்கூர்க்காரன்

நன்றி டீச்சர். இரண்டு கேள்வி. புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாமா? ஒரு நாளில் கப்பலும் முடியுமா?

பாலக்கோடு டீச்சர்

தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள் தம்பி, நாங்கள் மரத்தடி பெஞ்சில் எலுமிச்சைச் சோறு தின்றோம். கப்பல் நடக்கிற தூரம்தான். காலையில் ஸ்கான்சன், அம்மா களைத்ததும் கப்பல். உள்ளே உட்கார பெஞ்ச் இருக்கிறது. டீ, காபிக்குக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊரில் பல இடத்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். என் கார்டு அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை, கூட வந்தவர் கார்டு காப்பாற்றியது.

பர்கூர்க்காரன்

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊர் ஆட்டு மயிர் நம்மூர் ஆட்டை விட நீளமா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்.