தேக்கு உத்திரத்தை எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போடலாமா?

தோப்புவீடு, பொள்ளாச்சி:
என் அப்பிச்சி கட்டிய தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறோம். உத்திரங்கள் 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள ஆனைமலைத் தேக்கு. தீப்பிடித்தால் மரம் கூரையோடு விழுந்துவிடும் என்று சொல்லி, ஒப்பந்ததாரர் இரும்பு கர்டர் வைக்கச் சொல்கிறார். அது சரிதானா?

கட்டுமானப் பொறியாளர், கோவை:
கழற்ற வேண்டாம், ஐயா. அடுப்பில் சுள்ளி சடசடவென்று தீர்ந்துபோக, அடிமரக் கட்டை விடியும்வரை கனன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 பாகை செல்சியஸில் மரத்தின் மேற்புறம் கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் உள்மரத்துக்கு அதுவே காப்பாகிறது. யூரோகோடு 5 என்னும் ஐரோப்பிய விதி, தேக்கு போன்ற அடர்ந்த மரம் நிமிடத்துக்கு 0.55 மில்லிமீட்டர் கரியும் என்று கணக்கில் கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 33 மி.மீ.; சூட்டில் வலுவிழக்கும் 7 மி.மீ.யையும் சேர்த்தால் 40. உங்கள் உத்திரம் 203-க்கு 254 மி.மீ.; இரு பக்கமும் அடியும் எரிந்தாலும் 123-க்கு 214 மி.மீ. நல்ல மரம் மிஞ்சும். வளைந்து முறியாமல் தாங்கும் வலுவில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். ஓட்டுக் கூரைக்கு அது போதுமா என்பதைச் சுவருக்குச் சுவர் நீளத்தை அளந்தே முடிவு செய்ய வேண்டும். இரும்பு எரியாதுதான், ஆனால் 600 பாகையை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதி வலுவை இழந்து தொய்ந்துவிடும். காப்புப் பூச்சில்லாத கர்டர் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அந்நிலைக்கு வந்துவிடும்.

மரவேலைக்காரர், காங்கேயம்:
தீப்பட்ட சமையற்கட்டு ஒன்றில் உத்திரத்தின் கரியை உளியால் செதுக்கியபோது, ஒரு விரற்கிடைக்குக் கீழே தேக்கின் பொன்னிறமும் எண்ணெய் மணமும் அப்படியே இருந்தன. ஓட்டைத் தாங்கும் மெல்லிய கைமரங்களும் ரீப்பர்களும் மட்டும் சாம்பலாகியிருந்தன. ஒரு எச்சரிக்கை: ஒட்டுப்போட்ட இடத்தில் இரும்புப் பட்டையும் போல்ட்டும் வெளியே தெரிந்தால், அவை சூட்டை உள்ளே கொண்டுபோய் மூட்டைத் தளர்த்திவிடும்.

பழைய ஆலைப் பொறியாளர், திருப்பூர்:
அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளை 19-ஆம் நூற்றாண்டில் இம்முறையிலேயே பருத்த மரத்தால் கட்டினார்கள். உத்திரம் எரிந்து விழும்போது நெம்புகோல்போல் சுவரைப் பெயர்க்காமல் நழுவி விழ, சுவருக்குள் இருக்கும் முனையைச் சாய்வாக வெட்டுவதும் அங்கே வழக்கம். உங்கள் வீட்டில் நான் அஞ்சுவது உத்திரத்தை அல்ல, மச்சில் தேங்காய் மட்டையும் நாரும் குவித்திருந்தால் அதைத்தான்.

தோப்புவீடு, பொள்ளாச்சி:
மச்சு நிறைய மட்டைதான் ஐயா, நாளைக்கே இறக்குகிறோம். உத்திரங்களைத் தட்டிப் பார்த்ததில் ஒன்று மட்டும் சுவரோரத்தில் பொத்தென்று ஒலிக்கிறது, கரையான் அரித்திருக்கிறது. அதை மாத்திரம் பழைய தேக்கிலேயே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.